நோய் வராதவர்களைத் தேடிப் போனவர்

பாலவனத்தத்தில் மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஏணியில் பாதி ஏறியிருந்தபோது மகேஸ்வரி மேடத்தின் கணவர் சேகர் சார் போனில் கூப்பிட்டார். "மகேஸ்வரி போயிட்டா சார்" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. எந்த நேரமும் வரக்கூடும் என்று சில வாரங்களாகவே காத்திருந்த செய்திதான். ஆனாலும் மேலே ஏற முடியவில்லை. இறங்கித் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டி ஆப்பரேட்டர் என்னவென்று விசாரித்தார். பரளச்சிப் பக்கம் கோயில் சாப்பாட்டு விவகாரத்தில் நின்ற டீச்சர் என்று சொன்னேன். "அவுகளா?" என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது மகேஸ்வரி மேடத்திடம் படித்தவர்களாக இருப்பீர்கள். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்தினார். அவருடைய பாடம் டேட்டா மைனிங். குவிந்து கிடக்கும் தகவல்களில் எது எதனோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது, ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம் என்று தேடுகிற வேலை. நான் சுகாதார ஆய்வாளர். குளோரின், கொசுப்புழு, காய்ச்சல் கணக்கு என்று ஊர் ஊராக அலைகிறவன். எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே அவருடைய மாணவர்களால்தான்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிப் பதிவுகளை, பெயரை எல்லாம் நீக்கிவிட்டு, மாணவர்களின் புராஜெக்டுக்காகக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். சில வாரம் கழித்து அவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாணவி மிகுந்த உற்சாகத்தோடு ஒரு விதியைத் திரையில் காட்டினாள். ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிற எல்லோரும் சத்து மாத்திரையும் வாங்குகிறார்கள். ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. எங்கள் மருத்துவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் முகத்தில் சலனமே இல்லை. "ரத்த அழுத்தம் இல்லாதவங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் திரும்பக் கணினியைத் தட்டிப் பார்த்தாள். அவர்களும் எல்லோரும் வாங்கியிருந்தார்கள். எங்கள் மருந்தகத்தில் யார் வந்தாலும் நாலு சத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சரியான கணக்கும் ஒண்ணுமில்லாத சேதியச் சொல்லும். அடுத்த கேள்வியக் கேக்கணும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அவருக்குக் கனிவாகப் பேச வராது என்பது உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி ஓர் ஊரை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

அது அவர் பிறந்த ஊர். பரளச்சிக்குத் தெற்கே இருக்கிறது, பெயர் வேண்டாம். மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல் நிலம். மாரியம்மன் பொங்கலுக்கு மதியம் அன்னதானம் நடந்தது. அந்த வருடம் சமையல் முனியசாமி. ஊருக்குக் கிழக்கே காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இந்த ஊர்க் காடுகளில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். முனியசாமி மதுரையில் கல்யாண மண்டபங்களில் சமைத்துப் பழகி, ஊரில் சொந்தமாகப் பாத்திரக்கடை வைத்தவர். கோயில் சமையலை அவரிடம் கொடுப்பதில் பெரியவர்கள் சிலருக்கு விருப்பமில்லை; இளவட்டங்கள் பிடிவாதமாக நின்று கொடுத்தார்கள்.

சாயங்காலம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு முதல் ஆள் வாந்தியோடு வந்தார். அதன்பின் ஆட்டோ ஆட்டோவாக வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு வியர்த்துக் கொட்டியது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. எங்கள் மருத்துவர் பார்த்தவுடனேயே பூச்சிமருந்தாக இருக்கலாம் என்றார். அவர் அதைச் செவிலியரிடம்தான் சொன்னார். ஆனால் வார்டுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு அது 'சோத்துல மருந்தக் கலந்துட்டான்' என்று போய்ச் சேர்ந்தது. மோசமானவர்களை மதுரைக்கு அனுப்பினோம். அவர்களில் மகேஸ்வரி மேடத்தின் பெரியப்பா மகன் செல்லத்துரையின் மகள் யாழினியும் ஒருத்தி. பத்து வயதுகூட இருக்காது. செயற்கை சுவாசத்தில் வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் தேர்வு வேலை இருந்ததால் மேடம் பொங்கலுக்குப் போகவில்லை. செய்தி கேட்டு மறுநாள் காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்தது கோயிலுக்கு முன்னால். விசாரணைக்கு என்று முனியசாமியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலனிக்குப் போகிற பாதையில் ஒரு போலீஸ் வேன் குறுக்கே நின்றது. வேனுக்கு இந்தப் பக்கம் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செல்லத்துரை நடுவில் நின்று, உள்ளங்கையை விரித்துக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் இத்தனை வீட்டில் நோய், அந்தத் தெருவில் இத்தனை வீட்டில் நோய். காலனியில் ஒரு வீட்டில்கூட இல்லை.

"ஒரே சோறு, ஒரே கொதிப்பு. அவன் ஆளுக ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. இதுக்கு மேல என்னத்த விசாரிக்கணும்?" என்றார்.

நானே ஆட்களை விட்டு விசாரித்திருந்தேன். அவர் சொன்னது உண்மை. காலனியில் யாருக்கும் ஒன்றுமில்லை.

மேடம் அண்ணனிடம் யாழினியைப் பற்றி விசாரித்தார். அதன்பின் என்னைத் தனியாக அழைத்து, மருத்துவமனையில் எடுத்த விவரங்களைக் காட்டச் சொன்னார். படுக்கையில் இருந்தவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தோம். அநேகமாக எல்லோரும் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, நோய் வராதவர்களிடம் யார் கேட்டது என்றார். அவர்களிடம் எதற்கு என்று கூட்டத்திலிருந்து பின்னால் வந்த ஒருவர் இடையில் புகுந்தார். "அவுகளும் இதே சோத்தத்தான சாப்பிட்டாக?" என்று மேடம் அவரிடம் திருப்பிக் கேட்டார். எனக்குச் சத்து மாத்திரை ஞாபகம் வந்தது.

அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போனோம். எங்கள் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் அவருடைய மாணவர்கள் சிலரும் வந்தார்கள். கைபேசியில் கேள்விகளை அவரே அமைத்துக் கொடுத்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நிற்கவில்லை. என்ன குடித்தீர்கள், எந்தப் பந்தியில், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், கை எங்கே கழுவினீர்கள், யார் பரிமாறினார்கள், வெற்றிலை போட்டீர்களா என்று போய்க்கொண்டே இருந்தது. மக்களுக்கு எரிச்சல். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்க வெற்றிலையைப் பற்றிக் கேட்கிறீர்களே என்று ஓர் அம்மா கதவைச் சாத்திவிட்டார். ஒரு மாணவன் ஓர் இடத்தில் கேட்க மறந்ததை 'இல்லை' என்று குறித்துவிட்டான். மேடம் அவனை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டார். "கேக்காததும் இல்லங்கிறதும் ஒண்ணாடா? திரும்பிப் போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

காலனிக்குப் போக எல்லோரும் தயங்கினோம். அவர்தான் முன்னால் போனார். வேனைத் தாண்டும்போது இந்தப் பக்கத்துக் கூட்டத்தில் அவருடைய சித்தப்பா ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காலனியில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. முனியசாமி வீட்டு வாசலில் அவர் மனைவி லட்சுமி நின்றிருந்தார். உள்ளே விடுகிற மாதிரி நிற்கவில்லை.

"எங்ககிட்ட என்ன கேக்க வந்திருக்கீக? உங்க அண்ணந்தான் எல்லாத்தையும் சொல்லிட்டாகளே" என்றார்.

மேடம், "அவரு சொன்னது பொய் இல்ல லட்சுமி. உங்க பக்கம் யாருக்கும் நோய் இல்ல. அது ஏன்னு உங்களுக்கும் தெரியணும்ல? அது தெரியாட்டி ஊரு ஒரு காரணத்த வச்சுக்கும்" என்றார்.

லட்சுமி அழவில்லை. சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தானே தட்டினார். "வாங்க வெளிய. டீச்சர் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுவதையும் கேட்டு முடித்தோம்.

கணக்கை ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வைத்துப் போட்டார். ஒரு பெஞ்சின் மேல் மடிக்கணினி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை கேள்விக்கும் வந்த பதில்களை எப்படி எல்லாம் சேர்த்துப் பார்க்க முடியும், சேர்க்கைகள் கணக்கில்லாமல் போகுமே என்று கேட்டேன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை என்றார். தனித்தனியாக எது அடிக்கடி வருகிறது என்று முதலில் எண்ணுவது, அபூர்வமானதைத் தள்ளுவது, மிஞ்சியதை மட்டும் இரண்டிரண்டாகச் சேர்ப்பது, அதிலும் அபூர்வமானதைத் தள்ளி மூன்று மூன்றாகச் சேர்ப்பது. "தனியாவே அடிக்கடி வராதது, இன்னொண்ணோட சேர்ந்து மட்டும் எப்படி அடிக்கடி வரும்? அதனால தேடுற இடம் சுருங்கிக்கிட்டே வரும்" என்றார். கண் திரையிலேயே இருந்தது. வெளியே மைதானத்தில் ஆட்கள் வந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

முதலில் சோறு போயிற்று. நோய் வந்தவரும் வராதவரும் ஒரே மாதிரி சாப்பிட்டிருந்தார்கள். சாம்பாரும் பாயசமும் அப்படியே. நீர்மோர் கொஞ்சம் முன்னால் வந்தது. ஆனால் மோர் குடித்தும் நன்றாக இருந்தவர்கள் நிறையப் பேர். வடக்குப் பந்தலில் உட்கார்ந்தது என்பதும் முன்னால் வந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்தும் நன்றாக இருந்தவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தபோது அவர் விரல் நின்றுவிட்டது. வடக்குப் பந்தலில் உட்கார்ந்து மோரும் குடித்தவர்களில் நோய் வராதவர் அநேகமாக இல்லை.

காலனி ஆட்கள் வழக்கம்போலத் தெற்கு ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே மோருக்குத் தனி டிரம். இடம் போதாமல் அதே தெற்குப் பக்கத்தில் குமாரலிங்கபுரத்திலிருந்து வந்த உறவினர்களும் ஊர்க்காரர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றுமில்லை. அவரைக் கடைசியாக அசைத்தது தீச்சட்டி எடுத்த பெண்கள். விரதம் முடியாததால் சோற்றில் கை வைக்காதவர்கள். வடக்குப் பந்தலில் மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். அவர்களும் வாந்தி எடுத்திருந்தார்கள். மருத்துவமனையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது அவர்கள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. மோரை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. மோர் யாருடைய உபயம் என்று ஊருக்கே தெரியும். செல்லத்துரை. வடக்குப் பக்கத்து டிரம் அவருடைய தோட்டத்திலிருந்து வந்தது.

நான் அரசாங்க ஆள், நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "நீங்க சொன்னா ஆபீஸ்ல ஒரு கத கட்டுறாகன்னு போயிரும். நான் சொன்னா நிக்கும்." மடிக்கணினியை மூடினார். தண்ணீர் கேட்டார். யார் வீட்டிலிருந்து என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டார்.

மைதானத்தில் வட்டாட்சியரும் காவல் ஆய்வாளரும் நாற்காலிகளில் இருந்தார்கள். ஊர் நின்றிருந்தது. காலனியிலிருந்து லட்சுமியும் இன்னும் சிலரும் வந்து தள்ளி நின்றார்கள். மேடம் சோற்றில் ஆரம்பித்தார். சோறு எல்லோரும் சாப்பிட்டது, அதனால் சோற்றின் மேல் பழி நிற்காது என்றார். ஒருவர் காலனியைப் பற்றிக் குரல் கொடுத்தார். தெற்குப் பந்தலில் அவர்களோடு உட்கார்ந்திருந்த அந்த ஆளின் சொந்தக்காரர்களையே மேடம் பெயர் சொல்லிக் கேட்டார். உனக்கு ஏதாவது செய்ததா, உனக்கு? அவர்கள் இல்லை என்று தலையசைத்தார்கள். கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது. தீச்சட்டி எடுத்த பெண்களைப் பற்றிச் சொன்னார். அதன்பின் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வடக்குப் பக்கம் வச்ச மோர் டிரம்மு நம்ம தோட்டத்துதான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"முந்தி அதுல என்ன இருந்துச்சு?"

செல்லத்துரை தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் அடிக்க வருவார் என்றே நினைத்தேன். காவல் ஆய்வாளரும் எழுந்துவிட்டார். பதில் செல்லத்துரைக்குப் பின்னாலிருந்து வந்தது. யாழினிக்கு மாற்றுத்துணி எடுக்க மதுரையிலிருந்து அன்று வந்திருந்த அவர் மனைவி.

"பருத்திக்கு மருந்து கலக்குன டிரம்மு. கழுவித்தான் குடுத்தோம். நாந்தான் கழுவுனேன்" என்றார்.

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டார். வட்டாட்சியர், அப்படியானால் இதுதான் காரணமா என்று கேட்டார். தரையில் உட்கார்ந்தபடியே மேடம் சொன்ன பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "ரெண்டும் சேர்ந்து வந்திருக்குன்னுதான் என் கணக்கு சொல்லும். காரணம்னு சொல்லாது. டிரம்ம சோதனைக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் முனியசாமியயும் யாரும் சொல்லக்கூடாது, எங்க அண்ணனயும் யாரும் சொல்லக்கூடாது."

மோட்டார் அறைக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடந்த டிரம்மை எடுத்துச் சீல் வைத்தோம். முனியசாமியை அன்றே விட்டுவிட்டார்கள். சோதனை முடிவு பிறகு வந்தது. டிரம்மில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தது. யாழினி பிழைத்துக்கொண்டாள். அந்த டிரம் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தது அவள்தான். இடையிடையே தானும் குடித்திருக்கிறாள். கவனக்குறைவு என்று வழக்கு எழுதி முடித்தார்கள்.

ஆனால் மகேஸ்வரி மேடத்துக்கு அது முடியவில்லை. சபையில் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம், வீட்டுக்குள் வந்து சொல்லியிருக்கலாம் என்றது குடும்பம். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் முனியசாமி எப்போது வெளியே வந்திருப்பார் என்று அவர் கேட்டார். ஊர் நல்லது கெட்டதுகளுக்கு அழைப்பு நின்றது. யாழினியின் பூப்புச் சடங்கை அவர் வேறொருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தார். அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "நல்லா வளந்துட்டாள்ல சார்?" என்றார். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். முனியசாமி குடும்பம் நன்றி சொல்ல வந்தபோதும் அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். உங்களுக்காகச் செய்யவில்லை, கணக்கு அப்படி வந்தது, வேறு மாதிரி வந்திருந்தால் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன் என்றார். லட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது பிடிக்கவில்லை. இப்போது அவர்மேல் எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு அந்தப் பதிலுக்கு.

மேடத்துக்கு நோய் வந்தது போன வருடம். கணையத்தில் புற்று, தெரியும்போதே முற்றியிருந்தது. ஊரில் பேச்சு எழுந்தது. கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனைச் சபையில் தலைகுனிய வைத்தவள், அம்மன் பொங்கலில் வைத்து நடந்த காரியம், சாமி சும்மா விடுமா என்று. அது அவர் காதுக்கும் போயிருந்தது.

கடைசியாக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த நாளில் செல்லத்துரை வந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறை. கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றார். சேகர் சார் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே, "ஊர்ல என்னென்னமோ சொல்றாக மகேசு. நான் அப்படிச் சொல்லல. எங்கயும் சொல்லல" என்றார்.

மேடத்துக்குப் பேசக் கஷ்டமாக இருந்தது. சேகர் சார் தலையணையை உயர்த்திவிட்டார்.

"நீ சொல்ல மாட்டன்னு தெரியும்ணே" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் தொடர்ந்தார். "ஒரு தடவ நடந்தத வச்சு விதி எழுத முடியாது. திரும்பத் திரும்ப நடந்தாத்தான் எழுதலாம். இங்க நான் ஒருத்திதான இருக்கேன்."

செல்லத்துரைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. கட்டிலோரம் வந்து உட்கார்ந்து தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடக்கத்தின்போது நின்றிருந்த கூட்டத்திலும் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பாடா, தண்ணியா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததா என்று என்னிடமே கேட்டார்கள். அந்தக் கட்டிலில் அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். தன் சாவுக்குக்கூட யார்மீதும் பழி விழாமல் பார்த்துக்கொண்ட வாக்கியம் அது. அதை இப்போது நான் வேறு விதமாகவும் சொல்லிக்கொள்கிறேன்: அவரைப் போல என்று எந்தக் கணக்கும் போட முடியாது. அவர் ஒருவர்தான்.